ஆயாக்கொட்டகைக் கம்ப்யூட்டர்கள்

வேன் வந்து நின்றபோது கனகம்மா அக்கா ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

மழை பெய்து ஓய்ந்த காலை. கொட்டகையைச் சுற்றி எண்ணெய்க்காக வளர்த்த செம்பனைகளின் மட்டைகளிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புடவை ஏணைகள் மெல்ல ஆடின. மாவுப்பால் வாசனையும் ஈரத்துணி வாசனையும் கலந்து கிடந்தன. தோட்டத்தில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஆயாக்கொட்டகை என்பார்கள். கனகம்மா அக்காதான் அங்கே ஆயா.

அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்த நானும் என்னிடம் படித்த சரோஜாவும் மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர்களைப் பழைய போர்வைகளில் சுற்றிக்கொண்டிருந்தோம். தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் எல்லாரும் பூச்சோங் பக்கம் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிகளுக்குப் போகவேண்டும். பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேனிலிருந்து இறங்கியவர் சிவா அங்கிள். கோலாலம்பூரில் ஒரு நற்பணி மன்றத்தின் தலைவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சேறு பட்டுவிடுமே என்று விரல் நுனியில் நடக்கிற கால்கள். சில வருடங்களுக்கு முன் இந்தக் கொட்டகைக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

“கனகம்மா, நல்லா இருக்கீங்களா? கம்ப்யூட்டருங்கள எடுத்துட்டுப் போக வந்திருக்கோம். கிள்ளான்ல ஒரு பிள்ளைங்க இல்லம் இருக்கு, அங்க குடுக்கறதா சொல்லிட்டேன். இங்கதான் தோட்டமே போகுதே, இனிமே கிளாஸ் எதுக்குலா?”

கனகம்மா அக்கா குழந்தையின் காலைத் துடைத்து இறக்கிவிட்டார். கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“தோட்டம்தான் சார் போகுது. நாங்க எங்கயும் போகலியே.”

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் போர்வையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காலைக்குத் திரும்பி வருகிறேன். அதற்குமுன் அந்தக் கம்ப்யூட்டர்கள் அங்கே வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

இருட்டுத் திரைகளுக்கு மாலை

இந்தத் தொடரில் முன்பு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நீங்கள் தோட்டத்துப் பெண்ணா?” என்று கேட்டிருந்தார். இல்லை அம்மா. என் அப்பா ரயில்வேக்காரர். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில், ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். தோட்டம் என்பது எனக்குத் தைப்பூசக் கூட்டத்தில் லோரியிலிருந்து இறங்குகிற ஜனங்கள், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு பூக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் மேலே இருந்த மாடியறையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து மல்லிகை வாசமும் சாம்பார் வாசமும் மாறி மாறி ஏறிவரும். பின்னறையில் ரவி பற்றவைக்கிற ஈயத்தின் புகை. ரவி அங்கே மெஷின் ரிப்பேர் பார்த்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிறகு அவரையே கட்டிக்கொண்டேன் என்பது இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்துக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஓர் ஆசிரியையை அனுப்பச் சொல்லி சிவா அங்கிளின் மன்றத்திலிருந்து கேட்டார்கள். நான் போனேன்.

ஆயாக்கொட்டகையில் வகுப்புத் திறப்பு விழா பகலில். வாசலில் வாழைமரம், ரிப்பன், மைக்செட்டுக்குத் தனியாக பேட்டரி. நாலு கம்ப்யூட்டர்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். சிவா அங்கிள் கம்ப்யூட்டர் யுகம் பற்றி உருக்கமாகப் பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும், “டீச்சர், ஆன் பண்ணுங்க” என்றார்.

நான் சுவரைத் தடவினேன். சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

“பகல்ல ஏது கரண்டு?” என்றார் பின்னாலிருந்து கனகம்மா அக்கா. “ஆலை ஜெனரேட்டர் சாயங்காலந்தான ஓடும்.”

தோட்டத்தில் அப்படித்தான். வெளிச்சம் மங்கும் வேளைக்கு லயத்துக்கு மின்சாரம் விடுவார்கள், எல்லாரும் படுக்கிற வேளைக்கு நிறுத்திவிடுவார்கள். இதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அன்று எடுத்த புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எல்லாரும் சிரித்த முகத்தோடு இருண்டு கிடக்கிற திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காவலுக்கு வந்தவள்

என்னை அழைத்தது மூன்று மாதத்துக்கு. போக வர பஸ், அப்புறம் செம்மண் ரோட்டில் நடை. சாயங்காலம் வகுப்பு என்றதும் முதல் சிக்கல் வந்தது. இருட்டுகிற நேரத்தில் வயசுப் பெண்களை யார் அனுப்புவார்கள்? முதல் வாரம் பையன்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் திரையில் படம் ஓடாது என்று தெரிந்ததும் பந்தாடப் போய்விட்டார்கள்.

கனகம்மா அக்கா லயம் லயமாகப் போனார். “பொண்ண மட்டும் அனுப்ப வேணாம். நீயும் வா. வந்து பின்னால குந்து. ஒன் பொண்ண நீயே பார்த்துக்க, நான் ஒன்னப் பார்த்துக்கறேன்” என்றாராம்.

வந்தார்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்து எழுத்து தட்ட, அம்மாக்களும் அண்ணிகளும் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். ஏணைகளுக்கு நடுவே நான் பாடம் நடத்தினேன். ஒரு குழந்தை அழுதால் யார் கைக்கு எட்டுகிறதோ அவர் கயிற்றை இழுப்பார். நானும் எத்தனையோ தடவை ஒரு கையால் ஏணை ஆட்டிக்கொண்டே பாடம் சொல்லியிருக்கிறேன்.

சரோஜா அப்படி நாத்தனாருக்குக் காவலாக வந்தவள். இருபத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். செம்பனையில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. நாத்தனார் தப்புத் தப்பாகத் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளுடி. அந்த எழுத்து மேல் வரிசையில இருக்கு, நான் இங்கருந்தே பாக்கறேன், ஒனக்குத் தெரியலியா?”

“அண்ணி, நீங்கதான் வந்து அடிங்களேன்!”

வந்து உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் தன் மகன் பெயரைத் தேடித் தேடி அடித்தாள். பச்சை எழுத்தில் பெயர் வந்தது. எதையோ தொட்டுவிட்டாள், பெயர் மறைந்துபோயிற்று.

“ஐயோ டீச்சர், பிள்ள பேரு போச்சே!”

“போனா என்ன அக்கா, மறுபடியும் எழுதுங்க. எத்தனை தடவ வேணும்னாலும் எழுதலாம்.”

அன்று கரண்டு நிற்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. திரை முழுக்க மேலிருந்து கீழ்வரை அந்தப் பையன் பெயர்தான்.

அடுத்த வாரம் பின்வரிசையில் கீரைக் கட்டுகள் குறைந்துவிட்டன.

மேசைக்காலில் தண்ணீர் டின்

மூன்று மாதம் முடிந்தது. மன்றத்தின் வேலை அதோடு சரி. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்று அம்மா கேட்டார். சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கொட்டகையில் யாரும் என்னைச் சும்மா அனுப்பமாட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை, ஒரு தடவை உயிரோடு ஒரு கோழி. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நான் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

நான் இல்லாத நாட்களில் கனகம்மா அக்காவே எல்லாம். அவருக்குக் கடைசிவரை ஓர் எழுத்துகூட அடிக்கத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் சாவி அவர் இடுப்பில். கையில் எண்ணெய் இருந்தால் உள்ளே விடமாட்டார். பிஸ்கட் தின்றுகொண்டு வந்தவர்களால் எறும்பு புகுந்து ஒரு விசைப்பலகை வீணானபோது, சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பதுபோல நாலு மேசைக்கால்களையும் தண்ணீர் டின்னுக்குள் நிறுத்திவிட்டார். மேலே துளி மண்ணெண்ணெய். அப்புறம் ஓர் எறும்புகூட ஏறவில்லை.

பிரிண்டரின் மை நாடாவுக்கும் தாளுக்கும் காசுக்கு என்ன வழி என்று யோசித்தபோது, காதுகுத்து அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம் என்றது சரோஜாதான். அப்புறம் வேலைக்கு மனு, பள்ளிக்கு விண்ணப்பம் என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிரிண்டர் கரகரவென்று ஓடும்போது ஏணைக் குழந்தைகள் ஏனோ நன்றாகத் தூங்கும்.

இடி விழுந்த மாலை

எங்கள் பக்கத்து இடியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெயிலடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று வானம் கறுக்கும், தலைக்கு மேலேயே வெடிக்கும்.

அப்படி ஒரு மாலை. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பளீரென்று ஒரு வெளிச்சம், கூடவே சத்தம். இடி மின்சாரக் கம்பி வழியாக வந்திருக்க வேண்டும். நாலு திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. கருகல் நாற்றம் எழுந்தது. குழந்தைகள் எல்லாம் ஒருசேர அலறின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது பெரிய புண்ணியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய மோட்டார் சைக்கிளில் நான் முதல்முறையாக ஏறியது அன்றுதான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உள்ளே கறுத்துக் கிடந்தது. கடைசியை மூடிவிட்டு, “நாலுமே போச்சு” என்றார்.

சரோஜா சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு வெளியே போய் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துவந்து தரையில் விரித்தாள். கரித்துண்டால் விசைப்பலகையின் எழுத்துகளை வரிசை பிசகாமல் எழுதினாள்.

“மெஷின் வரவரைக்கும் இதுல அடிப்போம். விரலு மறந்துடக் கூடாது.”

திரும்பி வந்தபோது ரவி பிரிக்ஃபீல்ட்ஸில் என்னை இறக்கிவிட்டு, “பழைய மெஷின் தூக்கிப் போடற ஆபீஸ் எதுஎதுன்னு விசாரிக்கறீங்களா?” என்று கேட்டார். என் கணவரை நான் எப்போது விரும்பத் தொடங்கினேன் என்று என் மகள் கேட்பாள். அப்போதுதான்.

பிறகு பல மாதங்கள் அதே வேலை. ஒரு காப்புறுதி அலுவலகம் ஒதுக்கிப்போட்ட பெட்டிகள், கிள்ளான் கடை ஒன்றின் மூலையில் தூங்கிய திரைகள், யாரோ வேண்டாம் என்ற விசைப்பலகைகள். எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே கொண்டுபோய்விடுவார். ஏன் மாடியறையில் வைத்தே சரிபண்ணக்கூடாது என்று கேட்டேன்.

“நாளைக்கு மறுபடியும் கெட்டா? நான் எத்தன தடவ வரது? அவங்களே திறந்து பாக்கட்டும்.”

சரோஜாதான் முதலில் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். எது நல்லது, எது செத்தது என்று உள்ளேயிருக்கிற ஒவ்வொரு சர்க்யூட் பலகையாக மாற்றிப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார் ரவி. திரைப்பெட்டியை மட்டும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார், உள்ளே கரண்டு தேங்கி நிற்கும் என்று. முள் குத்திக் காய்த்துப்போன விரல்கள் அவளுக்கு. முதலில் ஒவ்வொரு ஸ்குரூவும் கை நழுவி விழுந்தது. நான்கைந்து ஞாயிறு போனபின் ஒன்றும் விழவில்லை.

அவள் கணவர் மணி வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். “வீட்டு ரேடியோ ஊமையாக் கெடக்கு. அத மொதல்ல பாக்கச் சொல்லுங்க சார், அப்புறம் கம்ப்யூட்டர் செய்யட்டும்!”

ரேடியோவும் பாடியது. முதல் கம்ப்யூட்டரும் உயிர்பெற்றது. திரையில் சின்னப் பச்சைக் கோடு மினுக் மினுக்கென்று தெரிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். ரவி வெட்கப்பட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு கனகம்மா அக்கா புதுச்சட்டம் ஒன்று போட்டார். வானத்தில் ஒரு மேகம் கறுத்தாலும், யார் என்ன அடித்துக்கொண்டிருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிவிடுவார். “அக்கா, இன்னும் சேவ் பண்ணல!” என்று கத்துவார்கள். காதிலேயே வாங்கமாட்டார். அவருக்குப் பயந்தே ஒவ்வொரு வரிக்கும் சேவ் பண்ணப் பழகிய மாணவிகள் அவர்கள்.

சாக்கு மூட்டை

இனி வேன் வந்த காலைக்கு வருகிறேன்.

சிவா அங்கிள் கெட்ட மனிதர் இல்லை. கிள்ளான் இல்லத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே இடி விழுந்ததோ, நாங்கள் மீண்டும் கட்டியதோ அவருக்குத் தெரியாது. மன்றத்திலிருந்து யாரும் திரும்பி வந்து பார்த்ததில்லை.

“எங்கயும் போகலன்னு சொல்றீங்க சரி, பிளாட்ல எங்க கொட்டகை? எங்க வெச்சு நடத்துவீங்க? சும்மா கட்டிப் போட்டு வெச்சா யாருக்கு லாபம் சொல்லுங்க” என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, “தம்பி, ஏத்துப்பா” என்றார்.

டிரைவர் ஓரடி எடுத்து வைத்தார். சரோஜா எழுந்து குறுக்கே நின்றாள்.

“அங்கிள், ஒரு நிமிசம். நீங்க குடுத்தத நீங்க எடுத்துக்குங்க, வேணாம்னு சொல்லல.”

ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஓர் அரிசிச் சாக்கை இறக்கினாள். கனம். தரையில் வைத்து அவிழ்த்தாள். கறுத்த பலகைகள், உருகின வயர்கள், ஊதிப்போன மின்பெட்டிகள். இத்தனை வருடமும் ஒன்றையும் எறியாமல் வைத்திருந்தார்கள்.

“இடி விழுந்து எரிஞ்சது, அங்கிள். இதுதான் நீங்க குடுத்தது. வெளிக்கூடும் அந்தா அங்க இருக்கு.”

சிவா அங்கிள் சாக்குக்குள் பார்த்தார். போர்வை சுற்றியவற்றைப் பார்த்தார். “அப்ப இது?”

சரோஜா ஒரு முடிச்சை அவிழ்த்தாள். “இந்தப் பொட்டி ஒரு ஆபீஸ்ல தூக்கிப் போட்டது. திரை கிள்ளான் கடையில குடுத்தாங்க. உள்ள இருக்கறது நாலஞ்சு மெஷின்லருந்து எடுத்தது. ரவி சார் சொல்லிக் குடுத்தாரு, நாங்க செஞ்சோம்.” பெட்டியின் மேல் கையை வைத்தாள். “இது எங்களுது, அங்கிள். நாளைக்கு நாங்க போற எடத்துல எங்கள யாருக்கும் தெரியாது. இது இருந்தா நாலு பேரு கதவத் தட்டி வருவாங்க.”

 சிவா அங்கிள் பிள்ளைகளின் குட்டி ஸ்டூல் ஒன்றில் மெல்ல உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டையில் சேறு பட்டதை அவர் கவனிக்கவில்லை.

“எனக்கு யாரும் சொல்லவே இல்லியேம்மா” என்றார்.

“நீங்க வரவே இல்லியே சார்” என்றார் கனகம்மா அக்கா. கோபமில்லாமல், வீட்டுக்கு வராத தம்பியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய், மங்குக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

சிவா அங்கிள் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பிளாட்ல எங்கதான் வெப்பீங்க?”

“என் வீட்டு ஹால்ல” என்றார் கனகம்மா அக்கா. அதுவரை எங்களில் யாருக்கும் அது தெரியாது. “நான் ஒத்த ஆளு. எனக்கு அடுப்படி போதும்.”

சிவா அங்கிள் எழுந்தார். “தம்பி, ஏத்துப்பா” என்றார் மறுபடியும். சரோஜா திடுக்கிட்டாள். “பயப்படாதம்மா. பூச்சோங்குக்குத்தான். வேன் வந்தது வந்துடுச்சு, சும்மாவா திரும்பிப் போகும்?”

கனகம்மா அக்கா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அடுக்குமாடியின் படிகளில் பெட்டிகளைத் தூக்கியவர்களில் சிவா அங்கிளும் ஒருவர். ஒவ்வொரு மாடிக்கும் நின்று மூச்சு வாங்கினார்.

கிள்ளானில் ஒரு சனிக்கிழமை

வாக்குக் கொடுத்தவர் வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. சில வாரம் கழித்து சிவா அங்கிளே கனகம்மா அக்கா வீட்டு ஹாலுக்கு வந்தார். கிள்ளான் இல்லத்துக்கும் ஒதுக்கிப்போட்ட மெஷின்களே கிடைத்திருக்கின்றன, சரிபண்ணித் தரமுடியுமா என்று சரோஜாவிடம் கேட்டார். அவள் மணியைப் பார்த்தாள். மணி, “என்னை ஏன் பாக்கறே? ஒனக்குத்தான தெரியும்” என்றார்.

ரவி கூடப் போனது முதல் தடவை மட்டும்தான். பிறகு சரோஜாவே பஸ் பிடித்துப் போய்வந்தாள். மெஷின்கள் ஓடத் தொடங்கியதும், இல்லத்தார் அவளையே வகுப்பும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். சம்பளத்தோடு. தோட்டம் போனபின் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

முதல் வகுப்புக்கு என்னைத் துணைக்கு வரச் சொன்னாள்.  சாயம்போகாத ஒரே சேலையைக் கட்டியிருந்தாள். இல்லத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

பிள்ளைகள் எல்லாரும் விருட்டென்று எழுந்து நின்றார்கள். தமிழ்ப்பள்ளியில் சொல்வார்களே, அதே இழுப்பில், ஒரே குரலில், “வ-ண-க்-க-ம் ஆசிரியை!” என்றார்கள்.

சரோஜா சட்டென்று ஒதுங்கி, எனக்கு வழிவிட்டாள்.

“எனக்கில்ல அக்கா, ஒங்களுக்கு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் கேட்பதுபோல, “உக்காருங்க பிள்ளைங்களா, உக்காருங்க. எல்லாரும் சாப்ட்டாச்சா?” என்றாள்.